திறப்பு நாள் மாலையில் கேலரிக்குப் போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

மும்பையில் கொலாபா, ஃபோர்ட் பகுதிக் கேலரிகளில் நடக்கும் ஓவியக் கண்காட்சித் திறப்புகள் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும் இங்கே.

இருபது வருடமாக மாதுங்காவில் குடியிருக்கிறோம். கொலாபா பக்கம் போனால் கேலரியின் கண்ணாடிக் கதவைப் பார்த்ததுமே திரும்பிவிடுகிறோம். அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே விடுவார்களா? டிக்கெட் உண்டா?
— வாசகி, மாதுங்கா

தாராளமாகப் போகலாம். தனியார் கேலரிகளில் டிக்கெட் கிடையாது. கேலரியின் இணையப் பக்கத்திலோ இன்ஸ்டாகிராமிலோ "ஓப்பனிங், மாலை 6 முதல் 9 வரை" என்று போட்டிருந்தால் அதுவே உங்களுக்கான அழைப்பு. "ப்ரிவ்யூ, அழைப்பின் பேரில் மட்டும்" என்றிருந்தால் அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். மறுநாள் காலை 11 மணியிலிருந்து அதே சுவர், அதே ஓவியங்கள், எல்லோருக்கும்.

ஏ.சி.க்காகவும் பாதுகாப்புக்காகவும் சில இடங்களில் கதவு பூட்டியே இருக்கும். பக்கத்தில் மணி இருக்கும், அழுத்தினால் திறப்பார்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு "மூடிவிட்டார்கள்" என்று திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே நுழைந்ததும் மேஜையில் ஒரு பதிவேடு இருக்கும். பெயரும் மின்னஞ்சலும் எழுதுங்கள். அடுத்த திறப்பின் அழைப்பு வீடு தேடி வர அதுதான் வழி. என்ன வேலை செய்கிறீர்கள், வாங்கப் போகிறீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆள் வராத கேலரியில் ஓவியம் காட்டுவதில் ஓவியருக்கும் சந்தோஷம் இல்லை, கேலரிக்கும் இல்லை. பட்டுப்புடவை, கோட்டு எதுவும் வேண்டாம், ஆனால் செருப்பில் கவனம் வையுங்கள். அந்தப் பகுதியின் பழைய கட்டடங்களில் பல மரப்படிகளைக் கொண்டவை.

ஒரே மாலையில் எத்தனை கேலரி பார்க்கலாம்? எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?
— வாசகர், முலுண்டு

நான்கு போதும். ஐந்தாவதில் கண் மரத்துப்போகும். ஓவியத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை தென் மும்பைக் கேலரிகள் பல சேர்ந்து இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஆர்ட் நைட் தர்ஸ்டே என்று பெயர். அந்த மாதம் நடக்கிறதா, எந்தெந்தக் கேலரிகள் கலந்துகொள்கின்றன என்று இரண்டு நாள் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மும்பை கேலரி வீக்எண்ட் வரும். 2012இல் தொடங்கியது. முதல் தடவை போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை, ஏனென்றால் கேலரிகள் தங்களின் வலுவான கண்காட்சியை அந்த வாரத்துக்கென்று வைத்திருப்பார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை திறப்புகள் அடுத்தடுத்து வரும். மழைக்காலத்தில் அவ்வளவு இருக்காது.

வடக்கிலிருந்து தெற்காக நடங்கள். ஃபோர்ட்டில் தொடங்கிக் கொலாபாவின் தென்கோடியில் முடிக்க ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான். மாலையில் ரயில் கூட்டம் எல்லாம் வடக்கே வீட்டுக்குப் போகும். நீங்கள் எதிர்த்திசையில் வருவதால் சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி.) நிலையம் வரை உட்கார்ந்தே வரலாம். ஐந்தரைக்கு இறங்கிவிடுங்கள். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து மூன்றாவது வழித்தடத்தின் ஹுதாத்மா சௌக் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து முதல் கேலரி நடக்கும் தூரம். ஒன்று நினைவிருக்கட்டும்: தென் மும்பையில் ஆட்டோ ஓடாது. கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான், இல்லாவிட்டால் பஸ்.

முதல் நிறுத்தம் கெமோல்ட் பிரஸ்காட் ரோடு என்ற கேலரி. குவீன்ஸ் மேன்ஷனின் மூன்றாம் மாடி. கேக்கூ காந்தி படச்சட்டம் செய்யும் தொழிலில் இருந்தவர். அவரும் மனைவி கோர்ஷெத்தும் 1963இல் ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் மாடியில் தொடங்கிய கேலரி இது, 2007இல் இந்தப் பெரிய இடத்துக்கு வந்தது. கூரை உயரம் என்பதால் சுவரை அடைக்கும் பெரிய படைப்புகளை இங்கே காட்ட முடிகிறது. முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆறரைக்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த நிறுத்தமான ஜஹாங்கீர் கலைக்கூடம் ஏழு மணிக்கு மூடிவிடும். காலா கோடாவில் 1952இல் திறந்தது. மற்றக் கேலரிகளில் கேலரிக்காரர் ஓவியரைத் தேர்ந்தெடுக்கிறார். இங்கே ஓவியர் விண்ணப்பித்து, இடம் கிடைத்ததும் வாடகை கட்டிக் காட்டுகிறார். பெரும்பாலும் ஒரு காட்சிக்கு ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க ஓவியர் தன் படங்களுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திறப்பு நாள் இல்லாவிட்டாலும் ஓவியரோடு பேச முடிகிற இடம் என்பதால்தான் இதைப் பட்டியலில் வைக்கிறோம். எல்லா அறைகளும் ஒரே தரத்தில் இருக்காது. ஒரு சுற்று சுற்றி, பிடித்த ஓர் அறையில் நில்லுங்கள்.

பிறகு ரீகல் தியேட்டரைக் கடந்து பத்து நிமிடம் நடந்தால் தாஜ் ஹோட்டலின் பின்பக்கம், மெரிவெதர் ரோடு. சன்னி ஹவுஸில் மிர்ச்சந்தானி ஸ்டைன்ரூக்கே இருக்கிறது. கொல்கத்தாவில் 2009இல் தொடங்கிய எக்ஸ்பெரிமெண்டர் 2022இல் மும்பைக் கிளையைத் திறந்ததும் இதே கட்டடத்தில்தான். அதே தெருவில் தேவிதாஸ் மேன்ஷனில் ஜாவேரி கான்டெம்பரரி. இந்த மூன்றில் இரண்டைப் பாருங்கள். இன்னும் கால் தாங்கினால் ஆர்தர் பந்தர் ரோட்டில் கமல் மேன்ஷனுக்குள் சாட்டர்ஜி அண்ட் லால் இருக்கிறது. அதற்கும் தெற்கே, கொலாபா தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கம், பழைய அச்சுக்கூடம் ஒன்றில் ப்ராஜெக்ட் 88. இது தரைத்தளம், இரும்புத் தூண்களோடு நீண்ட கூடம். பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் நிறுவல் கலைக்குத் தோதான இடம்.

தவறு நடப்பது பெரும்பாலும் முகவரியில். தெருக்களுக்கு இரண்டு பெயர் இருக்கும். பிரஸ்காட் ரோட்டின் அரசுப் பெயர் ஜி. தல்வத்கர் மார்க். கேலரிக்குப் பெரிய பலகை இருக்காது, வாசலில் சின்னத் தகடு ஒன்றுதான். டாக்ஸிக்காரரிடம் கேலரியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. "தாஜுக்குப் பின்னால்", "ரேடியோ கிளப் பக்கம்", "கொலாபா ஃபயர் ஸ்டேஷன்" என்று சொல்லுங்கள். கேலரிகள் இடம் மாறுவதும் உண்டு, அதனால் கிளம்பும் வாரத்தில் முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். திறப்பில் கொடுக்கும் பானமும் கொறிக்கும் பண்டமும் இரவுச் சாப்பாடு ஆகாது. வீட்டிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

போன மாதம் ஒரு திறப்புக்குப் போனோம். ஒரே கூட்டம். முதுகுகளைத்தான் பார்த்தோம், ஓவியத்தை அல்ல. இதற்கு ஏன் போக வேண்டும்?
— வாசகர், செம்பூர்

நியாயமான கேள்வி. திறப்பு நாள் மாலை ஓவியம் பார்ப்பதற்கான நேரம் அல்ல. ஓவியரைப் பார்ப்பதற்கான நேரம். இதைப் புரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. கண்காட்சி நாலு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். அமைதியான பகல்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்தப் படைப்பைச் செய்தவர், அதைத் தேர்ந்தெடுத்து மாட்டிய கியூரேட்டர், அதே ஊரின் மற்ற ஓவியர்கள் எல்லோரும் ஒரே கூரைக்கடியில் நிற்பது அந்த மூன்று மணி நேரம்தான்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். திறப்பில் உள்ளே நுழைந்ததும் எதையும் படிக்காமல் ஐந்து நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று. திரும்பப் போய்ப் பார்க்கத் தோன்றிய இரண்டு படைப்புகளை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டின் முன்னால் மட்டும் நின்று, ஓவியரிடம் கேட்க ஒரு கேள்வியைத் தயார் செய்யுங்கள். "இதன் அர்த்தம் என்ன" என்பது பலனில்லாத கேள்வி. அன்று மாலை அதை இருபது பேர் கேட்டிருப்பார்கள், பதிலும் தேய்ந்துபோயிருக்கும். "இந்தப் படத்தில் முதலில் எதைப் போட்டீர்கள்?", "இந்த இடத்தை ஏன் வெறுமையாக விட்டீர்கள்?", "இந்தத் தாள் எங்கே செய்தது?" என்று கையில் பிடிக்கக்கூடியதாகக் கேளுங்கள். செய்கிறவருக்குச் செய்முறையைப் பற்றிப் பேசப் பிடிக்கும். இரண்டு நிமிடம் பேசிவிட்டு நகர்ந்துவிடுங்கள், பின்னால் ஆள் காத்திருப்பார்.

முடிந்தால் ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஏழரைக்கு மேல் கூட்டம் நெரியும்.

இரண்டாவது வேலை, அதே வாரத்தில் ஒரு பகலில் திரும்பிப் போவது. இதைச் செய்யாவிட்டால் முதல் வேலை பாதிதான். வீடியோப் படைப்பு இருந்தால் இது கட்டாயம், ஏனென்றால் திறப்பு நாள் இரைச்சலில் அதன் ஒலி காதில் விழாது. சுவர்க்குறிப்பில் அதன் நீளம் எழுதியிருக்கும். 14 நிமிடம் என்றால் 14 நிமிடம் உட்காருங்கள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். சனிக்கிழமைகளில் ஓவியரோ கியூரேட்டரோ கூட்டிப்போய் விளக்கும் வாக்த்ரூ பல இடங்களில் உண்டு, அதுவும் இலவசம்தான்.

நவீன ஓவியம் எனக்குப் புரிவதே இல்லை. பக்கத்தில் நிற்கிறவர்கள் தலையாட்டும்போது கூச்சமாக இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

ராகத்தின் பெயர் தெரியாமலே கச்சேரியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் யாரும் சங்கீதம் புரியவில்லை என்று எழுந்து போவதில்லை. காது அதன் வேலையைச் செய்கிறது. கண்ணுக்கும் அதே அவகாசத்தைக் கொடுங்கள்.

செய்து பார்க்க ஒரு முறை சொல்கிறோம். குறிப்பைப் படிக்கும் முன் ஒரு படைப்பின் முன்னால் மூன்று நிமிடம் நில்லுங்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். முதல் நிமிடம் தள்ளி நின்று, படத்தின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில். கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது நிமிடம் ஒரு கை நீளத்துக்கு வாருங்கள், அதைவிட நெருங்க வேண்டாம். வண்ணம் தடித்துக் கிடக்கிறதா, தண்ணீர் மாதிரி ஊறியிருக்கிறதா, கத்தியால் வழித்ததா, துணியால் துடைத்ததா? மூன்றாவது நிமிடம் பக்கவாட்டில் நின்று விளக்கொளி சாய்ந்து விழும்படி பாருங்கள். அடியில் அழித்துவிட்டு மேலே போட்ட கோடுகள் அப்போதுதான் தெரியும். கேன்வாஸின் விளிம்பையும் பாருங்கள், முதலில் பூசிய நிறங்கள் அங்கே வழிந்து காய்ந்திருக்கும். ஓவியர் எந்த நிறத்தில் தொடங்கி எதில் முடித்தார் என்பதை விளிம்பு சொல்லிவிடும்.

அதற்கப்புறம் குறிப்பைப் படியுங்கள். கியூரேட்டர் எழுதும் ஆங்கிலம் சில சமயம் கரடுமுரடாக இருக்கும். அது புரியாமல் போவது உங்கள் குறை இல்லை. அதில் தேட வேண்டியது மூன்றே விஷயம்: என்ன பொருளால் செய்தது, எந்த வருடம் செய்தது, எந்த இடத்தையோ நிகழ்ச்சியையோ பற்றியது. மற்றதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம்.

மூன்று நிமிடத்துக்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லையா? அடுத்ததற்குப் போங்கள். எல்லாப் படைப்பும் எல்லோரிடமும் பேசாது. சுமாரான படைப்புகளும் கேலரியில் மாட்டப்படுகின்றன. பிடிக்கவில்லை என்று முடிவு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு, மூன்று நிமிடம் நின்ற பிறகு.

படத்துக்குப் பக்கத்தில் "72 x 48", "3/10", "ஏ.பி." என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, என்ன அது? 1/10 தான் உசத்தியா?
— வாசகர், சேலம்

அளவில் எப்போதும் உயரம் முதலில், அகலம் இரண்டாவது. சிற்பம் என்றால் மூன்றாவதாக ஆழம். 72க்கு 48 அங்குலம் என்றால் ஆறடி உயரம், நாலடி அகலம். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சுவரில் இடம் இல்லாமல் திண்டாடுவது உண்டு.

3/10 என்பது எச்சிங், லித்தோ, வுட்கட், புகைப்படம் போல ஒரே மூலத்திலிருந்து பல பிரதிகள் எடுக்கும் படைப்புகளுக்கு. மொத்தம் பத்துப் பிரதி, இது மூன்றாவது. ஏ.பி. என்பது அந்தப் பத்துக்கு மேல் ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதி. ஒன்றோ இரண்டோ இருக்கும். இவை ஜெராக்ஸ் மாதிரி நகல்கள் அல்ல, ஒவ்வொன்றும் அசல். தட்டில் மையிட்டு, துடைத்து, அழுத்தி எடுப்பது ஒவ்வொரு முறையும் கை வேலைதான்.

1/10 உசத்தி என்பது பொதுவாகத் தவறு. மை காயும் வரிசையில் அடுக்கி எண் போடுவார்கள், அச்சடித்த வரிசையிலேயே எண் இருக்கும் என்று சொல்ல முடியாது. டிரைபாயிண்ட் இதற்கு ஒரு விலக்கு. ஊசியால் செப்புத்தட்டைக் கீறும்போது இருபக்கமும் எழும்பும் மெல்லிய பிசிர்தான் அந்த வெல்வெட் போன்ற கறுப்பைக் கொடுக்கிறது. ஒவ்வொரு அழுத்தத்திலும் பிசிர் நசுங்கும், பிந்திய பிரதிகள் வெளிறிவிடும். அதனால் டிரைபாயிண்ட் என்றால் எண்ணைப் பார்க்காமல் கறுப்பின் அடர்த்தியைப் பாருங்கள்.

புகைப்படத்தில் "ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரிண்ட்" என்றிருப்பது நீண்ட நாள் நிற்கும் மையால் அச்சிட்டது. "ஜெலட்டின் சில்வர்" என்பது இருட்டறையில் ரசாயன முறையில் எடுத்தது.

விலை கேட்டால் தப்பாக நினைப்பார்களா? எங்கேயும் விலை எழுதவே இல்லை.
— வாசகி, திருச்சி

தப்பே இல்லை. மேஜையில் இருப்பவரிடம் "விலைப்பட்டியல் கிடைக்குமா" என்று கேளுங்கள், ஒரு தாளோ மின்னஞ்சலோ கொடுப்பார்கள். ஓவியரிடம் நேராக விலை கேட்க வேண்டாம். அவருக்கும் கேலரிக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அவரைச் சங்கடப்படுத்துவது போலாகும். குறிப்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. பாதிப் பொட்டு என்றால் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், அவர் பின்வாங்கினால் உங்களுக்குக் கிடைக்கலாம்.

விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேலரிக்குப் போவது வழக்கம். வாடகை, விளக்கு, அச்சு, காப்பீடு, மாட்டும் ஆட்கள், திறப்புச் செலவு எல்லாம் அதில்தான். பட்டியல் விலையோடு ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். ஓவியங்களுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. படச்சட்டம் போட்டதா, அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண் வேண்டும். அந்தத் தொகையை ரொக்கமாக வாங்கவும் அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கைக்கு வர வேண்டிய காகிதம் இரண்டு. பில் ஒன்று. ஓவியர் கையெழுத்திட்ட உண்மைச் சான்றிதழ் இன்னொன்று. சான்றிதழில் படைப்பின் படம், தலைப்பு, வருடம், பொருள், அளவு ஐந்தும் இருக்க வேண்டும். படம் இல்லாத சான்றிதழை வாங்காதீர்கள், அதை வேறு எந்த ஓவியத்தோடும் சேர்த்துக் காட்டிவிட முடியும்.

திறப்பு நாள் இரவே முடிவு செய்ய வேண்டாம். இரண்டு நாள் எடுத்துவைக்கச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு எங்கள் யோசனை, தாளில் செய்தவையும் பிரதி எண்ணிட்ட அச்சுகளும்தான். அதே ஓவியரின் கேன்வாஸைவிட விலை மிகவும் குறைவு, கையின் வேகம் தாளில் இன்னும் நேராகத் தெரியும்.

கடற்கரையோரம் வீடு. ஒரு அச்சோவியம் வாங்கி மாட்டினேன், ஒரே வருடத்தில் தாளில் பழுப்புப் புள்ளிகள். கேலரி ஏமாற்றிவிட்டதா?
— வாசகர், தூத்துக்குடி

பெரும்பாலும் பழி படச்சட்டத்தின் மேலும் சுவரின் மேலும்தான். ஈரக்காற்றில் தாளுக்குள் பூஞ்சை பிடிப்பதும், பின்னால் வைத்த மட்ட ரக அட்டையின் அமிலம் தாளில் ஊறுவதும் சேர்ந்து அந்தப் புள்ளிகளைக் கொண்டுவருகின்றன. சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் சாதா அட்டையோ ஹார்ட்போர்டோ இருந்தால் அமிலமற்ற அட்டைக்கு மாற்றுங்கள். கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் தவறு. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கும் ஈரம் நேரே தாளில் இறங்கும். தாளை மவுண்டில் செலோடேப்பால் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், தாளோடு வந்துவிடும். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். புள்ளிகளை வீட்டில் துடைக்கவே கூடாது.

மழை அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறையோடு ஒட்டிய சுவரும் ஆகாது. சட்டத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். வெயில் விழும் இடம் வேண்டாம். அருங்காட்சியகங்களில் தாள் படைப்புகளை 50 லக்ஸ் மங்கலான ஒளியில்தான் வைப்பார்கள், நம் வீட்டு ஜன்னலோரத்தில் அதைப்போலப் பல மடங்கு ஒளி விழும். உயரம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறோம்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில் இருக்கட்டும். நம் வீடுகளில் சாமி படம் மாட்டும் உயரத்திலேயே எல்லாவற்றையும் மாட்டிவிடுகிறோம், கழுத்து வலிக்கிறது.

ஆறு வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?
— வாசகி, தானே

கூட்டிப் போங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குள். முக்கால் மணிக்கு மேல் தாங்க மாட்டான். நுழைந்ததும் தரையைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்றைய கலையில் பாதி தரையில் கிடக்கிறது. அரிசி, மண், நூல், உடைந்த ஓடு. சுவரைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து மிதிப்பதுதான் திறப்பு மாலைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து. அடுத்தது, சிற்பம் வைக்கும் வெள்ளைப் பீடத்தை டீப்பாய் என்று நினைத்து டம்ளரை வைப்பது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பானத்தோடு படைப்புக்கு ஒரு மீட்டருக்குள் போக வேண்டாம். ஏதாவது தட்டுப்பட்டு விழுந்தால் நீங்களே எடுத்து நிறுத்தாதீர்கள், கேலரி ஆளைக் கூப்பிடுங்கள். உடைந்ததைவிட எடுத்து வைக்கும்போது படும் கைரேகையும் கீறலும் பெரிய சேதமாகிவிடும்.

பையனிடம் "எது பிடித்திருக்கிறது" என்று கேட்காமல், "வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால் எதை எடுப்பாய், எங்கே வைப்பாய்" என்று கேளுங்கள். அப்போதுதான் அவன் உண்மையிலேயே பார்க்க ஆரம்பிப்பான்.

ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். திறப்பு நாளில் கேலரி உரிமையாளரிடம் போனில் என் படங்களைக் காட்டலாமா?
— மாணவர், கும்பகோணம்

வேண்டாம், தம்பி. அன்று அது வேறொரு ஓவியரின் மாலை, உரிமையாளரின் கண் விருந்தினர்மேல் இருக்கும். சின்னத் திரையில் மூன்று விநாடி பார்த்ததை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க மாட்டார்கள். பெயரைச் சொல்லி, எங்கே படிக்கிறீர்கள் என்று சொல்லி, அன்றைய கண்காட்சியில் நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லி, "அடுத்த வாரம் மின்னஞ்சல் அனுப்பலாமா" என்று கேட்டுவிட்டு நகருங்கள். போதும்.

மின்னஞ்சலில் ஒரே ஒரு பி.டி.எஃப். பத்திலிருந்து பதினைந்து படைப்புகள், பக்கத்துக்கு ஒன்று, 10 எம்.பி.க்குள். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, பொருள், அளவு, வருடம். கடைசி இரண்டு வருட வேலை மட்டும். வகுப்பில் செய்த ஸ்டில் லைஃப் வேண்டாம். அரைப்பக்கம் உங்களைப் பற்றி, எதைச் செய்கிறீர்கள், எந்தப் பொருளால், ஏன் அந்தப் பொருள் என்று எளிய வாக்கியங்களில். அனுப்பும் முன் அந்தக் கேலரியின் ஓவியர் பட்டியலைப் பாருங்கள். நிறுவல் கலை மட்டும் காட்டும் இடத்துக்கு நீர்வண்ண நிலக்காட்சியை அனுப்பினால் இரண்டு பக்கத்துக்கும் நேர விரயம்.

நிறையப் பேர் தோற்பது படம் எடுப்பதில். காலை ஒன்பது மணிக்கு, நேர் வெயில் படாத வராந்தாவில், சட்டமும் கண்ணாடியும் இல்லாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். போனின் முகமும் கேன்வாஸும் இணையாக இருக்க வேண்டும். நாலு மூலையும் செங்கோணமாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டடி தள்ளிப்போய்க் கொஞ்சம் ஜூம் செய்தால் விளிம்பு வளைவது குறையும்.

கேலரி ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கலைவிழாவான கொச்சி பினாலேயோடு 2014 முதல் மாணவர் பினாலே நடக்கிறது, கல்லூரி வழியாக விசாரியுங்கள். மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் தேசியக் கண்காட்சி அறிவிப்பையும் தவறவிடாதீர்கள்.

எல்லாம் மும்பைதானா? சென்னையில் இப்படி ஒரு மாலை கிடைக்காதா?
— வாசகர், மாம்பலம்

கிடைக்கும். ஆனால் கேலரிகள் ஊரெங்கும் சிதறிக் கிடப்பதால் இரண்டோடு நிறுத்துங்கள். நுங்கம்பாக்கம், கிரீம்ஸ் ரோடு வட்டாரம்தான் சென்னையில் கொஞ்சமாவது நெருக்கமானது. கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாதெமி, வாலஸ் கார்டனில் 1984இல் தொடங்கிய அப்பாராவ் கேலரி, காலேஜ் ரோட்டில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் ஜெர்மானியர்களின் கதே நிலையம். ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கிக்கொள்ளலாம். திறப்பு மும்பை மாதிரி இருக்காது. குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பேச்சு என்று அரைமணி போகும், ஆறுக்கு என்றால் ஆறேகாலுக்குத் தொடங்கும். பேச்சு தொடங்கும் முன் உள்ளே போய்ச் சுற்றிவிட்டால் வெறும் அறையில் படங்களைப் பார்க்கலாம். இது சென்னைக்கே உரிய சௌகரியம்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை மாலைப் பட்டியலில் திணிக்காதீர்கள், அதற்கு ஒரு பகல் வேண்டும். எழும்பூரை ஒட்டி, 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியில் மாணவர் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். இன்று மும்பையில் பெயர் சொல்லும் சாட்சி கேலரிகூட 1984இல் சென்னையில் பிறந்ததுதான்.

போட்டோ எடுக்கலாமா?
— வாசகி, மதுரை

கேட்டுவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வீடியோப் படைப்பைப் பதிவு செய்ய வேண்டாம். ஓவியத்தை எடுத்ததும் அடுத்த படமாகச் சுவர்க்குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஆறு மாதம் கழித்து யார் வரைந்தது என்று தெரியும். சமூக ஊடகத்தில் போடும்போது ஓவியரின் பெயரை எழுதுங்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. ஆனால் ஓவியம் என்றால் உயிர். மும்பைக்கு அழைத்துப் போகிறேன்.
— வாசகர், ஈரோடு

ப்ராஜெக்ட் 88 தரைத்தளத்தில் இருப்பதால் அதில் தொடங்குங்கள். மாடியில் இருக்கும் கேலரிகளுக்கு முதல் நாளே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, லிஃப்டுக்கு முன்னால் எத்தனை படி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருந்தாலும் வாசலில் நாலைந்து படி இருப்பது சகஜம், "லிஃப்ட் உண்டு" என்ற பதிலை மட்டும் நம்பிப் போனால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அப்பாவுக்குத் திறப்பு நாள் வேண்டாம், மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிப் போங்கள். கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அதை அவர் விரும்பும் படத்துக்கு எதிரே போடச் சொல்லுங்கள்.